சி.வி.பி. என்னும் மையச் சிரை அழுத்தம்

தீவிர சிகிச்சைப் பிரிவு வாசலில் நிற்பவர் காதில் "பிரஷர் எட்டு" என்று விழுந்தால் பகீரென்றிருக்கும். பி.பி. 120 என்றுதானே கேட்டுப் பழக்கம்! உள்ளே பேசுவது வேறு பிரஷர்: சி.வி.பி., அதாவது சென்ட்ரல் வீனஸ் பிரஷர். உடலைச் சுற்றித் திரும்பும் ரத்தத்துக்கு, இதயத்தின் வலது மேலறையை ஒட்டிய பெருஞ்சிரையில் இருக்கும் அழுத்தம்.

இந்த வீனஸ் காதல் தேவதை அல்ல. சிரையைக் குறிக்கும் 'வேனா' என்ற லத்தீன் சொல்லின் வழி வந்தது. சென்ட்ரலுக்கு மூலம் கிரேக்கத்தின் 'கென்ட்ரான்', கூர்முனை. அதுவே வடமொழிக்குள் போய்க் கேந்திரமானது.

தமிழில் 'மைய நாள அழுத்தம்' என்று எழுதலாமா? நாளம் என்றால் உள்ளே துளையுள்ள தண்டு. இலங்கைப் பாடநூல்களில் ஆர்ட்டரி நாடி, வெயின் நாளம், அங்கே சரி. தமிழ்நாட்டிலோ ரத்தநாளம் என்றால் தமனி, சிரை இரண்டும்தான். எனவே இங்கே 'மையச் சிரை அழுத்தம்' என்பதே குழப்பமில்லாதது. சிரையும் வடமொழி வரவுதான், ஆனால் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த சொல்.

கழுத்துச் சிரை வழியாகவோ காறை எலும்புக்குக் கீழுள்ள சிரை வழியாகவோ குழாயைச் செலுத்தி அளப்பார்கள். நான்காம் விலா இடைவெளி, அக்குளின் நடுக்கோட்டைச் சந்திக்கும் இடம்தான் அளவுகோலின் பூஜ்யம். மானோமீட்டர் என்னும் அழுத்தம் அளக்கும் குழாயில் சலைன் மட்டம் மூச்சோடு சேர்ந்து ஏறி இறங்கும்; மூச்சை விட்டு முடிக்கையில் குறிக்க வேண்டும். ஸ்டாண்டில் அளவுகோல் அப்படியே இருக்க, கட்டிலை மட்டும் 10 செ.மீ. உயர்த்தினால் கணக்கிலும் 10 செ.மீ. கூடிவிடும். நோயாளிக்கு ஒன்றும் ஆகியிருக்காது! அலகும் முக்கியம்: 1 மி.மீ. பாதரசம் என்பது ஏறக்குறைய 1.36 செ.மீ. நீர். தானாக மூச்சுவிடுபவருக்குப் பொதுவாக 2 முதல் 6 மி.மீ. பாதரசம் இருக்கும்.

அழுத்தத்தை ரத்தத்தின் அளவு என்று படித்ததுதான் பெரிய பிழை. குறைந்தால் டிரிப் ஏற்று, கூடினால் நிறுத்து என்பது பழைய வழக்கம். வென்டிலேட்டர் அழுத்தமும், வலது இதயம் தளர்வதும், இதய உறைக்குள் நீர் கோப்பதும்கூட எண்ணை உயர்த்தும். செப்சிஸ், அதாவது தொற்றால் உறுப்புகள் பாதிக்கப்படும் நிலையில் உள்ள நோயாளிகளுக்கு 8–12 மி.மீ. பாதரசம் என்று இலக்கு வைத்திருந்த 'சர்வைவிங் செப்சிஸ்' என்ற சர்வதேச மருத்துவ வழிகாட்டி, 2016 பதிப்பில் அதைக் கைவிட்டது. இப்போது ஒற்றை எண்ணைவிட அதன் போக்கைப் பார்க்கிறார்கள்.

வார்டில் யாரும் 'மையச் சிரை அழுத்தம்' என்று சொல்லப்போவதில்லை, சி.வி.பி.தான். வாசலில் நிற்பவரிடம் மட்டும், "இது பி.பி. இல்லைங்க, இதயத்துக்குத் திரும்பி வர்ற ரத்தத்தோட பிரஷர்" என்று சொன்னால் போதும்.