யூனி பீஸைப் பார்த்துப் பயப்படும் பெற்றோருக்கு

போன வருடம் இங்கிலாந்தில் என்னைப் பார்க்க வந்த ஒரு அப்பா, பழைய கடித உறை ஒன்றின் பின்புறத்தில் கணக்கு எழுதிக்கொண்டு வந்திருந்தார். ஒரு வருடப் பல்கலைக்கழகப் பீஸ் 9,535 பவுண், பெருக்கல் மூன்று. வாழ்க்கைச் செலவுக் கடன் 10,544 பவுண், பெருக்கல் மூன்று. கூட்டுத்தொகை 60,237. அதன் கீழே இரண்டு கோடு.

"தம்பி, இருபத்தொரு வயசில இவ்வளவு காசைத் தலையில ஏத்தி ஒரு பொம்பிளைப் பிள்ளையை எப்பிடி வெளியில விடுறது? சீட்டு எடுத்த காசு கொஞ்சம் கிடக்கு. மனிசியின்ர நகை இருக்கு. பீஸையாவது கையால கட்டிடுறன்" என்றார். பக்கத்தில் இருந்த மகள் நிமிரவே இல்லை. "நான் போகேல்ல அப்பா, வேலைக்குப் போறன்" என்று மட்டும் சொன்னாள். ஏ லெவலில் நல்ல பெறுபேறு எடுக்கக்கூடிய பிள்ளை.

இங்கிலாந்தில் ஏ லெவல் மாணவர்களுக்கு நிதி ஆலோசனை சொல்வது என் வேலை. இப்படி ஒரு கடித உறை எனக்குப் புதிதல்ல. இங்கே எழுதுவது இங்கிலாந்தில் வாழும் குடும்பங்களுக்கு மட்டும் பொருந்தும். ஸ்காட்லாந்தில் வாழும் பிள்ளை அங்கேயே படித்தால் முதல் பட்டத்துக்குப் பீஸ் கட்டத் தேவையில்லை. வேல்ஸிலும் வட அயர்லாந்திலும் முறை வேறு.

அந்த அப்பாவின் கணக்கில் ஒரு பிழையும் இல்லை. கடன் என்ற சொல்தான் அவரைக் குழப்பியிருந்தது. கடன் என்றால் நமக்கு வட்டிக்காரர், அடகுக்கடை, பிணை நின்று மாட்டிக்கொண்ட மாமா எல்லாம் ஞாபகத்துக்கு வரும். இந்தக் கடனுக்குப் பெற்றோர் பிணை நிற்பதில்லை. வேலை இல்லாவிட்டால் தவணையும் இல்லை. கடன் எடுத்தவர் இறந்துவிட்டால் அது ரத்தாகிவிடும், குடும்பத்திடம் யாரும் கேட்டு வரமாட்டார்கள்.

2023 ஆகஸ்டுக்குப் பிறகு படிப்பைத் தொடங்கியவர்களுக்கு உள்ள முறைக்கு 'பிளான் 5' என்று பெயர். ஆண்டுச் சம்பளம் 25,000 பவுணைத் தாண்டினால், தாண்டிய தொகையில் 9 சதவீதம் சம்பளத்திலேயே வரியோடு சேர்த்துக் கழிக்கப்படும். 30,000 பவுண் சம்பளத்துக்கு மாதம் 37 பவுண் 50 பென்ஸ். 40,000 பவுணுக்கு மாதம் 112 பவுண் 50 பென்ஸ். கடன் 20,000 ஆக இருந்தாலும் 60,000 ஆக இருந்தாலும் அதே சம்பளத்துக்கு மாதத் தவணை அதேதான். பீஸ் கூடினால் கூடுவது எத்தனை வருடம் கட்டுகிறோம் என்பது. நாற்பது ஆண்டுகள் முடிந்ததும் மிச்சம் இருப்பது தள்ளுபடி. வட்டி, சில்லறை விலைக் குறியீடு (விலைவாசி எவ்வளவு ஏறியது என்று காட்டும் எண்) ஏறும் அளவுக்கு மட்டும். கடன் வரலாற்று அறிக்கையில் இது வராது. ஆனால் வீட்டுக்கடன் கேட்கும்போது வங்கி மாதாந்தக் கழிவைக் கணக்கில் எடுக்கும். அதை மறைக்கத் தேவையில்லை.

அதனால்தான் நகையை விற்றுப் பீஸ் கட்டுவதை நான் பெரும்பாலும் தடுக்கிறேன். மகள் குறைந்த சம்பளத்தில் வேலை செய்தால், அல்லது குழந்தை பெற்றுச் சில வருடம் வீட்டில் இருந்தால், அந்தக் கடனின் ஒரு பகுதி கட்டப்படாமலே போகக்கூடும். முன்கூட்டிக் கட்டிய காசோ திரும்பி வராது. கையில் தாராளமாகக் காசு இருந்து, பிள்ளையும் பெரிய சம்பளத்துக்குப் போவது ஏறக்குறைய உறுதி என்றால் கதை வேறு. பிளான் 5-இல் முழுவதையும் கட்டி முடிப்பவர்கள் முன்பைவிடக் கூடுவார்கள், அப்படிப்பட்டவருக்கு முன்கூட்டிக் கட்டுவது லாபமாகவும் இருக்கலாம். அடகுக்கடைக்குப் போகவேண்டிய நிலையில் இருப்பவர் அந்த வகை அல்ல.

இதைச் சொல்வதால் இந்த முறைக்கு நான் வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்கவேண்டாம். 2012 முதல் 2023 வரை சேர்ந்தவர்களுக்கு முப்பது ஆண்டில் தள்ளுபடி. இப்போது நாற்பது. படிப்பு முடிக்கும் பிள்ளை அறுபது வயதைத் தாண்டியும் கட்டிக்கொண்டிருக்கலாம். 25,000 என்ற எல்லையும் பெரிய எல்லை அல்ல. 2025 ஏப்ரலில் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 12.21 பவுண் ஆனது. அந்த ஊதியத்தில் வாரம் 40 மணி நேரம் வேலை செய்தாலே ஆண்டுக்கு 25,000-ஐத் தாண்டிவிடும். அப்புறம், விதிகளை இடையில் மாற்றுவதும் உண்டு. ஏற்கனவே கடன் எடுத்துவிட்டவர்களுக்கும் சேர்த்து, அப்போதிருந்த 21,000 பவுண் சம்பள எல்லையை உயர்த்தாமல் வைப்பதாக 2015-இல் அறிவித்தார்கள். எதிர்ப்புக்குப் பிறகு 2018-இல் அது 25,000 ஆனது. ஒரு வங்கி கையெழுத்தான ஒப்பந்தத்தை இப்படி மாற்றினால் நீதிமன்றத்துக்குப் போகலாம். அரசோடு என்ன செய்வது?

1998 வரைக்கும் பீஸே கிடையாது. அந்த வருடம் 1,000 பவுண், 2006-இல் 3,000, 2012-இல் 9,000. மும்மடங்கு ஆனபோது ஏழைப் பிள்ளைகள் பல்கலைக்கழகப் பக்கமே வரமாட்டார்கள் என்று பலர் நினைத்தார்கள், நானும் நினைத்தேன். 2012-இல் விண்ணப்பங்கள் குறைந்தது உண்மை. ஆனால் பதினெட்டு வயதுப் பிள்ளைகள் சீக்கிரமே திரும்பி வந்தார்கள், வசதி குறைந்த பகுதிகளிலிருந்து வந்தவர்கள் உட்பட. வராமல் போனவர்கள் பகுதிநேரமாகப் படிக்க இருந்த பெரியவர்கள். சில வருடங்களிலேயே புதிதாகச் சேரும் பகுதிநேர மாணவர் தொகை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. வீடும் பிள்ளையும் வேலையும் உள்ள ஒருவருக்குக் கடன் என்ற சொல் பதினெட்டு வயதுக்காரருக்குக் கேட்பதுபோலக் கேட்பதில்லை.

சரி, பீஸுக்குப் பயப்படவேண்டாம் என்றால் எதற்குப் பயப்படுவது? கையில் வரும் காசுக்கு.

பீஸ் நேராகப் பல்கலைக்கழகத்துக்குப் போய்விடும், பிள்ளை அதைக் கண்ணாலும் காண்பதில்லை. அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் தேவையானது வாழ்க்கைச் செலவுக் கடன், அது பெற்றோரின் வருமானத்தைப் பொறுத்தது. 2025-26 கணக்குப்படி, லண்டனுக்கு வெளியே வீட்டைவிட்டுத் தங்கிப் படிக்கும் பிள்ளைக்கு உச்சத் தொகை 10,544 பவுண். அது முழுதாகக் கிடைக்க வீட்டு வருமானம் 25,000 பவுணுக்குள் இருக்கவேண்டும். வீட்டு வருமானத்துக்கான இந்த 25,000 என்ற எல்லை 2008 முதல் அசையவே இல்லை. அப்பாவும் அம்மாவும் குறைந்தபட்ச ஊதியத்தில் முழுநேரம் உழைத்தால் இருவர் வருமானமும் சேர்ந்து அதைப்போல இரண்டு மடங்கு வந்துவிடும், கடன் தொகையும் சரசரவென்று குறையும். வீட்டு வருமானம் 62,000 பவுணைத் தாண்டியவர்களுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 4,900 மட்டுமே. மிச்சத்தைப் பெற்றோர் போடுவார்கள் என்று அரசு எண்ணிக்கொள்கிறது. எவ்வளவு போடவேண்டும் என்று கடிதத்தில் எழுதுவதில்லை. வாழ்க்கைச் செலவுக்கென்று கொடுத்த, திருப்பிக் கட்டத் தேவையில்லாத மானியத்தையும் 2016-இல் புதிதாகச் சேர்ந்தவர்கள் தொடக்கம் நிறுத்திவிட்டார்கள்.

நான் பார்த்தவரை, படிப்பை இடையில் விட்டு வந்த நம் பிள்ளைகளில் பீஸால் வந்தவர் ஒருவரும் இல்லை. கடையில் இரவு வேலை செய்துவிட்டுக் காலை வகுப்பில் தூங்கியவர்கள், அறை வாடகை பாக்கியாகி வெட்கத்தில் வீட்டுக்குச் சொல்லாமல் இருந்தவர்கள், இவர்கள்தான் திரும்பி வந்தார்கள்.

ஆகவே கடனுக்கான விண்ணப்பப் படிவத்தை அவசரத்தில் நிரப்பவேண்டாம். கேட்கப்படுவது இரண்டு வருடத்துக்கு முந்தைய வரியாண்டின் வருமானம்: 2026 செப்டம்பரில் சேர்பவருக்கு 2024-25. இடையில் வேலை போய் வருமானம் 15 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்திருந்தால், நடப்பு ஆண்டு வருமானத்தை வைத்துப் பார்க்கும்படி கேட்கலாம். பெற்றோரின் வருமானத்தில் தங்கிவாழும் வேறு பிள்ளைகள் இருந்தால் ஒவ்வொருவருக்கும் 1,130 பவுண் கழித்துத்தான் வருமானத்தைக் கணக்கிடுவார்கள், பலர் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். பெற்றோர் பிரிந்து வாழ்ந்தால் பிள்ளை யாரோடு இருக்கிறதோ அந்த வீட்டின் வருமானம் மட்டும் போதும்.

பீஸ் உண்மையிலேயே கதவை மூடும் குடும்பங்களும் நம்மிடையே இருக்கின்றன: விசா இழுபறியில் இருப்பவர்கள். நிரந்தர வதிவிடம் இல்லாத பிள்ளைக்கு வெளிநாட்டு மாணவர் பீஸ் கேட்பார்கள், கடனும் கிடையாது. ஆனால் எல்லோருக்கும் அப்படி இல்லை. அகதி அந்தஸ்து கிடைத்தவர் மற்றவர்களைப்போல இந்த நாட்டில் மூன்று வருடம் வாழ்ந்து முடிக்கும்வரை காத்திருக்கவேண்டியதில்லை. தற்காலிக விசாவில் இருந்த டிகெரே என்ற மாணவி கடன் கேட்டுத் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2015 ஜூலையில் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதன் பிறகு வந்த விதிப்படி, பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் ஏழு வருடம், அதற்கு மேல் என்றால் வாழ்நாளில் பாதி அல்லது இருபது வருடம் இந்த நாட்டில் வாழ்ந்திருந்து, கடைசி மூன்று வருடம் சட்டப்படியான விசாவோடு இருந்தால் கடனுக்கு விண்ணப்பிக்கலாம். பாடத் தொடக்க நாளில் வயது என்ன என்பதில் எல்லாம் மாறும், அதனால் தேதியைக் கவனமாகப் பாருங்கள். தஞ்சக் கோரிக்கை முடியாதவர்களுக்குச் சில பல்கலைக்கழகங்கள் தனியாக ஸ்காலர்ஷிப் வைத்திருக்கின்றன. விண்ணப்பிக்கும் காலம் குறுகியது. நம் பிள்ளைகள் இதைக் கேள்விப்படுவதற்குள் அது முடிந்துவிடுகிறது.

இனிச் சொல்வது சிலருக்குப் பிடிக்காது. எல்லாப் பட்டமும் போட்ட காசைத் திருப்பித் தருவதில்லை. நிதி ஆய்வுக் கழகம் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், வரியும் கடனும் கழித்தபின் பட்டதாரிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பல்கலைக்கழகம் போகாமல் இருந்திருந்தால் காசுக் கணக்கில் மேலாக இருந்திருப்பார் என்று வந்தது. மருத்துவம், சட்டம், பொருளியல் மேலே, கலைத்துறைப் படிப்புகள் கீழே. இதைக் காட்டிப் பிள்ளையின் ஓவியப் படிப்பைத் தடுக்கப் போகிறவர்களுக்கு ஒன்று: நம் சமூகத்தில் நான் அதிகம் காணும் வீண்செலவு ஓவியம் அல்ல. மெடிசின் கிடைக்காத கோபத்தில், எங்கே கிடைத்தாலும் சரி என்று எடுக்கும் பயோமெடிக்கல். பிறகு மெடிசினுக்கு மாறலாம் என்று தொடங்கி, மூன்றாவது வருடத்தில் ஆய்வுக்கூடத்தையே வெறுத்துவிட்ட பிள்ளைகளோடு நான் இருந்து பேசியிருக்கிறேன்.

படிப்பை மாற்ற நினைத்தால் சீக்கிரம் மாற்றவேண்டும். படிப்பின் நீளத்தோடு ஒரு மேலதிக வருடம், அவ்வளவுதான் கடன் கிடைக்கும். ஒரு வருடத்தில் சில வாரம் மட்டும் போயிருந்தாலும் அது ஒரு முழு வருடமாக எண்ணப்படும். பீஸ் கடன் 25, 25, 50 சதவீதமாக மூன்று தவணையில் போகிறது. முதல் தவணைப் பருவத்துக்குள் விலகுபவருக்குச் சுமை கால்வாசி. 'ஊர் என்ன சொல்லும்' என்று கோடை வரை இழுத்தவருக்கு முழுச் சுமை. வேலை செய்துகொண்டே படிக்கும் டிகிரி அப்ரெண்டிஸ்ஷிப் 2015 முதல் இருக்கிறது, பீஸ் இல்லை, சம்பளம் உண்டு. பெயரைக் கேட்டதும் மெக்கானிக் வேலை என்று முகம் சுளிப்பவர்களுக்காகச் சொல்கிறேன், நல்ல இடங்களில் அதற்குள் நுழைவது பல பல்கலைக்கழகங்களுக்குள் நுழைவதைவிடக் கடினம்.

ஏஜென்ட்களைப் பற்றியும் சொல்லவேண்டும். கோயில் வாசலிலும் வாட்ஸ்அப்பிலும், "அக்கா, கிழமையில ரெண்டு நாள் வந்தாப் போதும், காசு உங்கட எக்கவுண்டில விழும்" என்று பெற்றோரையே பிடிப்பவர்கள். பல்கலைக்கழகத்தின் பெயரில் வேறொரு தனியார் நிறுவனம் நடத்தும் வகுப்புகள் இவை. எல்லாம் மோசடி என்று சொல்லமாட்டேன். ஆனால் இந்த வகைப் படிப்புகளில் மாணவர் கடன் தவறாகப் போவதைப் பற்றித் தேசியத் தணிக்கை அலுவலகமே 2024 ஜனவரியில் அறிக்கை வெளியிட்டது. விழும் காசு கடன். அக்காவின் பெயரில் விழும் கடன். உங்களுக்குப் படிக்கும் ஆசை இருந்தால் ஏஜென்ட் இல்லாமல் நேரே போய்ச் சேருங்கள்.

அந்த அப்பா மூன்று தடவை வந்தார். மூன்றாவது தடவை கடித உறை இல்லை. மகள் வெளியூரில் சேர்ந்தாள். நகை வீட்டிலேயே இருக்கிறது. சீட்டுக் காசில் ஒரு பகுதியை அறை வாடகைக்கென்று ஒதுக்கி, மாதா மாதம் மகளுக்கு அனுப்பச் சொன்னேன்.

நவம்பரில் போன் எடுத்தார். இரண்டாம் வருடத்துக்கு நான்கு பிள்ளைகள் சேர்ந்து வீடு எடுக்கிறார்களாம், வீட்டுக்காரர் பெற்றோரின் கையெழுத்துக் கேட்கிறாராம். "சும்மா ஒரு போர்ம் தானே தம்பி, போட்டு அனுப்பட்டே?" அறுபதாயிரம் பவுணுக்கு எங்கும் பிணை நிற்காத மனிதரிடம் இப்போதுதான் உண்மையான பிணைப் பத்திரம் வந்திருக்கிறது. கூட்டு ஒப்பந்தம் என்றால் மற்றப் பிள்ளைகள் கட்டாத வாடகையையும் இவரிடம் கேட்கலாம். மகளின் பங்குக்கு மட்டும் என்று எழுதி வாங்காமல் போடவேண்டாம், முதலில் தாளைப் படம் எடுத்து அனுப்புங்கள் அண்ணை என்றேன்.

அனுப்பினார். பன்னிரண்டு பக்கம்.