நாய் தேறிவிட்டது, மாத்திரையை நிறுத்தலாமா?

"ஸ்டீராய்டா? வேண்டாம் டாக்டர்" என்று முதலிலேயே மறுப்பவர்களிடம் உட்கார்ந்து பேசிவிடலாம். தலையாட்டி வாங்கிப் போய், நாய் கொஞ்சம் துள்ளியதும் தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்களே, அவர்களை நினைத்தால்தான் எனக்குப் பயம்.

நாயின் நோய் எதிர்ப்புச் சக்தியே அதன் சிவப்பணுக்களை அழிக்கும் நோய் ஒன்று உண்டு. ஈறு வெளிறும், சில சமயம் மஞ்சளாகும். சிறுநீர் பால் சேர்க்காத டீ நிறத்தில் போகும். நம் ஊரில் இதை உறுதி செய்வதற்கு முன் உண்ணிக் காய்ச்சலைப் பார்த்தே ஆகவேண்டும். உண்ணி பரப்பும் பேபீசியா கிருமியும் சிவப்பணுக்களை உடைக்கும். இந்த நோயைத் தூண்டியும் விடும். அதனால்தான் ரத்தப் பரிசோதனைக்கு அவ்வளவு வற்புறுத்துகிறோம்.

இந்த நோய்க்கு முதல் மருந்து பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு. தொடக்கத்தில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 2 மில்லிகிராம் வரை. பெரிய நாய்களுக்கு இந்தக் கணக்கு குறையும். ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 30 சதவீதத்துக்கு மேல் இரண்டு வாரமாவது நிலைத்த பிறகே அளவைக் குறைப்போம். அதுவும் ஏறக்குறைய மூன்று வாரத்துக்கு ஒருமுறை, அப்போதைய அளவில் கால் பங்கை மட்டும். மொத்தச் சிகிச்சை 4 முதல் 8 மாதம் வரை போகலாம். நடுவில் சட்டென்று நிறுத்தினால் நோய் திரும்பலாம். அதோடு, வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டிருந்ததால் உடலுக்குள் ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரீனல் சுரப்பி தன் வேலையைக் குறைத்திருக்கும். அது விழித்துக்கொள்வதற்குள் வாந்தி, சோர்வு என்று நாய் சுருண்டுவிடும்.

மாத்திரை போகும் வரை நாய் தண்ணீராகக் குடிக்கும், வீடெல்லாம் சிறுநீர் கழிக்கும், எப்போதும் பசி என்று நிற்கும். திட்டாதீர்கள், பாவம், அதன் கையில் இல்லை. ஸ்டீராய்டை மட்டும் நம்ப முடியாதபோது எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அசாதயோப்ரின் போன்ற இன்னொரு மருந்தைச் சேர்ப்போம். அது ஈரலையும் எலும்பு மஜ்ஜையையும் பாதிக்கக்கூடியது. குறித்த நாளில் பரிசோதனைக்கு வராமல் இருக்காதீர்கள்.

"ரத்தமே இல்லாத நாய்க்கு ரத்தம் உறையாமல் இருக்க எதற்கு மருந்து?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இந்த நோயில் இறக்கும் நாய்கள் பலவற்றின் உயிரை எடுப்பது நுரையீரலில் அடைக்கும் ரத்தக்கட்டி. குளோபிடோக்ரெல் கொடுப்பது அதைத் தடுக்க.

அப்புறம், கால் நொண்டுகிறதே என்று வீட்டில் மிச்சமிருக்கும் வலி மருந்தான மெலாக்சிகாமைக் கொடுத்துவிடாதீர்கள். ஸ்டீராய்டோடு அது சேர்ந்தால் இரைப்பையில் புண் வரும், ஓட்டையே விழலாம். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? மறைக்காமல் சொல்லுங்கள். மலம் கறுத்துப் பிசுபிசுவென்று போனால் அன்றைக்கே கொண்டு வாருங்கள்.