8.1இ-04 என்பது 8.1 அன்று

காரைக்குடி வட்டாரத்து ஆய்வு மாணவர்களுக்குப் புள்ளியியல் ஆலோசனை சொல்லிவரும் நான், கணினி அச்சிடும் 8.1இ-04 (ஆங்கிலத்தில் 8.1e-04) போன்ற எண்களைத் தவறாகப் படிக்கும் பிழையை இன்னொரு ஆய்வேட்டிலும் பார்த்தபின் எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஆத்தங்குடிக் கற்களை நீர்த்தொட்டியில் ஊறவைக்கும் நேரம் அவற்றின் வலிமையைக் கூட்டுகிறதா என்பது அதன் கேள்வி. ஒவ்வொரு பட்டறையிலிருந்தும் பல கற்கள் எடுக்கப்பட்டதால், பட்டறைக்குப் பட்டறை உள்ள வேறுபாட்டையும் கணக்கில் கொள்ளும் கலப்பு விளைவு மாதிரியை, பட்டறையைச் சமவாய்ப்பு விளைவாக வைத்துப் பொருத்தியிருந்தார் மாணவர், அதுவரை சரி. ஆர் என்னும் புள்ளியியல் மென்பொருள் பி-மதிப்பை (விளைவே இல்லாவிட்டாலும் இந்த அளவோ இதைவிடப் பெரிதாகவோ வேறுபாடு தற்செயலாக வரும் வாய்ப்பு; வழக்கமாக அது 0.05-க்குக் கீழே இருந்தால் விளைவு உண்டு என்று கொள்வார்கள்) 8.1இ-04 என்று அச்சிட்டிருக்க, அவரோ ஊறும் நேரத்துக்கு விளைவே இல்லை என்று முடித்திருந்தார். கேட்டதற்கு, இ என்பது 2.718 என்னும் மாறிலி, அதன் -4 அடுக்கு 0.0183, அதை 8.1-ஆல் பெருக்கினால் 0.148, அது 0.05-ஐ விடப் பெரியது என்று கணக்குப் போட்டே காட்டினார். பெருக்கலில் குறை சொல்ல முடியாது.

அந்த இ 10-இன் அடுக்கைக் காட்டும் அச்சுச் சுருக்கம் மட்டுமே. இ-04 என்றால் புள்ளியை நான்கு இடம் இடப்பக்கம் நகர்த்த வேண்டும், கிடைப்பது 0.00081. இ+03 என்றால் மூன்று இடம் வலப்பக்கம். இ+00 என்றால் எண் அப்படியே நிற்கும். இயற்கை மடக்கையின் அடிமானத்துக்கு இங்கே வேலையே இல்லை. அது வேண்டுமென்றால் ஆரில் எக்ஸ்ப் என்று தனிச் சார்பு இருக்கிறது. முன்பகுதியை மட்டும் படித்து 8.1 என்று முடிவுகட்டுவோரும் உண்டு. பி-மதிப்பு 1-ஐத் தாண்டாது என்பதாவது அவர்களுக்கு உறுத்த வேண்டாமா?

திரையில் வரும் '<2இ-16' என்பதைப் 'பி = 2இ-16' என்று படியெடுக்காதீர்கள்; கணினியின் துல்லிய எல்லைக்குக் கீழே போய்விட்டது என்பதே அதன் பொருள். 'பி = 0.000' என்பதும் வேண்டாம். பி < 0.001 போதும். ஆரில் கலப்பு விளைவு மாதிரியைப் பொருத்தும் எல்எம்இ4 தொகுப்பு நேரியல் மாதிரிக்குத் தானாகப் பி-மதிப்பு தருவதில்லை என்பதால், உங்களுடையது எந்த முறையில் வந்தது என்பதையும், சாட்டர்த்வெயிட் முறையானால் (பி-மதிப்பைத் தோராயமாகக் கணக்கிடும் ஒரு வழி) அதையும், குறிப்பிட வேண்டும்.

அதே அட்டவணையில் குணகம், அதாவது ஊறும் நேரம் ஓர் அலகு கூடும்போது வலிமை கூடும் அளவு, 4.2இ-02 என்றிருந்ததை 'மிகச் சிறிய விளைவு' என்று எழுதியிருந்தார். அது ஒரு மணி நேரத்துக்கு 0.042 மெகாபாஸ்கல், ஒரு நாளுக்கு ஏறத்தாழ 1.01. அலகை நாளாக மாற்றிப் பொருத்தினால் குணகம் 24 மடங்காகுமே தவிர பி-மதிப்பு மாறாது. பட்டறை வரிசையில் உள்ள திட்ட விலக்கம் திட்டப் பிழை (மதிப்பீட்டின் நிச்சயமின்மை) அன்று. அது பட்டறைக்குப் பட்டறை வலிமை எவ்வளவு வேறுபடுகிறது என்பதன் அளவு. அங்கே மாறுபாடு (திட்ட விலக்கத்தின் வர்க்கம்) 3.6இ-10 போல வந்து, அது ஏறத்தாழச் சுழியாகிவிட்டதைச் சொல்லும் சிங்குலர் என்ற எச்சரிக்கையும் சேர்ந்து வந்தால், பட்டறைகள் எல்லாம் ஒன்றே என்று எழுதிவிடாதீர்கள். பட்டறைகளின் எண்ணிக்கை போதாமலும் இருக்கலாம்.

குணகத்தை அலகோடும், 95% நம்பிக்கை இடைவெளியோடும் (உண்மை மதிப்பு இருக்கக்கூடிய வீச்சு), பட்டறைகளின் எண்ணிக்கையோடும் சாதாரணத் தசம எண்ணில் எழுதுங்கள். தயவுசெய்து, ஆய்வேட்டை பைண்டிங்குக்குக் கொடுப்பதற்கு முன்பே வாருங்கள்.