நிலாவெளியிலிருந்து ஒரு வெடித்த நட்சத்திரம்

திருகோணமலையில் வாடை மழை ஓய்ந்த பிறகு, பெப்ரவரி நடுவில் இரவு எட்டு மணியளவில் இடப இராசி உச்சிக்கு ஏறிவிடும். இடபத்தின் தெற்குக் கொம்பு நுனி நட்சத்திரத்திலிருந்து ஒரு பாகை வடமேற்கே தேடினால் நண்டு நெபுலா என்ற வாயு முகில் கிடைக்கும். 1054 யூலையில் சீன வானியலாளர் பதிந்து வைத்த சுப்பர்நோவாவின், அதாவது வெடித்துச் சிதறிய நட்சத்திரத்தின், எச்சம் அது. தூரம் ஏறத்தாழ 6,500 ஒளியாண்டு. நம் அகலக்கோட்டில் 76 பாகை உயரம் வரை வரும். நிலாவெளிக் கடற்கரையில் நின்றால் நகர வெளிச்சம் தெற்கே ஒதுங்கிவிடும். வடக்குப் பக்கமாக உச்சியைத் தொடும் இதற்கு அது இடைஞ்சல் இல்லை.

200 மில்லிமீற்றர் ஆடித் தொலைகாட்டியில் 80 முதல் 100 மடங்கு உருப்பெருக்கம் போதும். படங்களில் காணும் சிவப்பு இழைகளை எதிர்பார்க்கக் கூடாது. முட்டை வடிவில் ஒரு சாம்பல் திட்டு, அவ்வளவுதான்.

இப்போது கண்வில்லையில் ஓ-3 பில்டரைப் பூட்டிப் பாருங்கள். இரட்டை அயனாக்கப்பட்ட (இரண்டு இலத்திரன்களை இழந்த) ஒட்சிசன் விடும் 500.7, 495.9 நனோமீற்றர் ஒளியை மட்டும் அது உள்ளே விடும். நெபுலாக்களுக்கென்றே விற்கப்படும் இந்த பில்டர் நண்டை எடுத்துக்காட்டாது, மங்கச் செய்துவிடும். 300 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட கருவியில்தான் இழைகள் இலேசாகப் பிரிந்து தெரியும். அதே பில்டரோடு செப்டெம்பர் நடுவில் இரவு ஒன்பது மணிக்கு அன்னம் இராசியிலுள்ள திரை நெபுலாவுக்குப் போனால், வெறும் கண்வில்லையில் தேடியும் பிடிபடாத நீண்ட நார்கள் பளிச்சென்று வரும். அதற்கு 40 மடங்கு போதும். நெபுலா மொத்தம் 3 பாகை அகலம்.

இரண்டும் எச்சங்கள்தாம், ஒளி வரும் வழி வேறு. திரை நெபுலாவில் பல்லாயிரம் ஆண்டு பழைய அதிர்ச்சி அலை விண்வெளி வாயுவில் மோதுகிறது. சூடேறிய வாயு குளிரும்போது ஒட்சிசன், ஐதரசன், கந்தகம் ஒவ்வொன்றும் தனக்குரிய அலைநீளத்தில் ஒளிர்கிறது. ஆகவே அது செத்த நட்சத்திரத்தைவிட அக்கம்பக்கத்து வாயுவைப் பற்றியே அதிகம் சொல்லும். நண்டின் பெரும்பகுதி ஒளி, ஏறக்குறைய ஒளிவேகத்தில் ஓடும் இலத்திரன்கள் காந்தப்புலத்தில் சுழல்வதால் வருவது. எல்லா அலைநீளத்திலும் பரந்து கிடப்பதால் பில்டர் அதில் பெரும்பங்கை வெட்டிவிடுகிறது.

அந்த இலத்திரன்கள் சக்தியை இழந்துகொண்டே இருக்கின்றன; எக்ஸ் கதிர் விடுபவை சில ஆண்டுகளிலேயே ஓய்ந்துவிடும். ஒளி இன்னும் தொடர்வதால் நடுவில் யாரோ ஊட்டிக்கொண்டிருக்க வேண்டும். 1968இல் ஆள் அகப்பட்டார்: செக்கனுக்கு 30 தடவை சுழலும் நியூத்திரன் நட்சத்திரம், வெடித்த நட்சத்திரத்தின் நொறுங்கி இறுகிய உள்ளகம். அதன் சுழற்சிக் காலம் நாளொன்றுக்கு 36 நனோசெக்கன் அளவு நீள்கிறது. அப்படி வேகம் குறைவதில் வெளிப்படும் சக்தி சூரியன் வீசுவதைப் போல ஒரு இலட்சம் மடங்குக்கும் மேல்.

இந்தச் சக்தி கொடுக்கும் தள்ளுவிசை இழைகளின் ஓட்டத்திலும் தெரிகிறது. விளிம்பு இழைகள் ஆண்டுக்குச் சுமார் 0.2 விகலை வெளியே நகர்கின்றன (3,600 விகலை ஒரு பாகை). மையத்திலிருந்துள்ள தூரத்தை ஆண்டு நகர்வால் வகுத்தால் வயது வரும்; அதைப் பின்னோக்கி எண்ணினால் 1054 கிடைக்க வேண்டும். வருவதோ 1130ஐ ஒட்டிய ஆண்டு. ஏறத்தாழ 80 ஆண்டு பிந்துகிறது. வழியில் வாயு தடுத்து இழைகள் தளர்ந்திருந்தால் கணக்கு 1054க்கு முன்னால் போயிருக்கும். பின்னால் வருவதால், வெடித்த பிறகும் அவை முடுக்கப்பட்டிருக்கின்றன என்றே கொள்ள வேண்டும்.

இதை நாமே அளக்கலாம். 1,000 மில்லிமீற்றர் குவியத்தூரமும் 3.76 மைக்ரோன் பிக்சல் கமராவும் சேர்ந்தால் ஒரு பிக்சல் 0.78 விகலை, பத்து ஆண்டில் விளிம்பு இரண்டரை பிக்சல் நகரும். படங்களைப் பொருத்தும்போது சுற்றியுள்ள மங்கலான நட்சத்திரங்களையே பிடிக்க வேண்டும், நெபுலாவைப் பிடித்தால் நகர்வு அழிந்துபோகும். கடற்காற்று குழாயை உலுக்கும், ஆதலால் ஒவ்வொரு படத்தையும் மூன்று நிமிடத்துக்கு மேல் திறந்து வைக்காமல் நிறைய எடுத்துச் சேர்ப்பது நல்லது. ஆடியில் உப்புப் படிந்தால் துணியால் துடைக்கவே கூடாது, உப்புத் துகள் அலுமினியப் பூச்சைக் கீறிவிடும். காய்ச்சி வடித்த நீரை ஊற்றிக் கரைத்து விடுங்கள்.

பத்து ஆண்டு பொறுக்க முடியாதவர்களுக்கு ஹபிள் விண்வெளித் தொலைகாட்டி 1999, 2000 ஆண்டுகளில் எடுத்த படம் இணையத்தில் உண்டு. 25 ஆண்டு இடைவெளியில் ஆறு பிக்சல் கிடைக்கும். அப்படத்தின் சிவப்பு நிறமே இரட்டை அயனாக்கப்பட்ட ஒட்சிசன். அதை உங்கள் ஓ-3 படத்தோடுதான் ஒப்பிட வேண்டும், ஐதரசன் பில்டர் படத்தோடு அல்ல.