கைவீச்சு குறைந்தால் நீச்சல் தேறிவிட்டதா?

அமெரிக்கப் பயிற்சியாளர் டெர்ரி லாக்லின் 1989ஆம் ஆண்டில் தொடங்கிய ‘டோட்டல் இம்மெர்ஷன்’ என்னும் நீச்சல் முறை, வளர்ந்த பிறகு நீந்தக் கற்பவர்களிடையே பெரும் செல்வாக்குப் பெற்றது. கைகால்களுக்கு வலுவேற்றுவதைவிட, உடலைத் தண்ணீரில் சமநிலையாகக் கிடத்தி, நீட்டி, நீரின் எதிர்ப்பைக் குறைப்பதே முதல் வேலை என்று அது சொல்கிறது. குளத்தின் ஒரு நீளத்தைக் கடக்கத் தேவைப்படும் கைவீச்சுகளின் எண்ணிக்கை குறைவதைத் தேர்ச்சியின் அடையாளமாகவும் அது காட்டுகிறது. இவற்றுள் முதலாவதை நான் ஒப்புக்கொள்கிறேன். இரண்டாவதை அப்படியே ஏற்க முடியவில்லை.

தண்ணீரின் அடர்த்தி காற்றைப்போல ஏறத்தாழ 800 மடங்கு. நுரையீரலில் காற்று இருப்பதால் உடலின் மிதப்பு மையம் மார்பை ஒட்டியும், ஈர்ப்பு மையம் அதற்குக் கீழே இடுப்பை ஒட்டியும் அமைகின்றன. மேலே தள்ளும் விசையும் கீழே இழுக்கும் எடையும் ஒரே இடத்தில் செயல்படாததால் கால்கள் தாழ்கின்றன. மூச்சுக்காகத் தலையை முன்பக்கம் தூக்கினால் இடுப்பு இன்னும் இறங்கும், தொடைகள் தண்ணீரைக் குறுக்கே மறிக்கும். முகத்தைக் குளத்தின் தரையை நோக்கி வைத்து ஒரு கையை முன்னே நீட்டியிருந்தாலோ, எடை சற்றே தலைப்பக்கம் நகர்ந்து கால்கள் எழும். கால் தாழ்ந்து தவிக்கும் புதியவருக்கு இது மெய்யான உதவி.

கைவீச்சுக் கணக்கில்தான் சிக்கல். ஒருவர் 25 மீட்டரை 24 வீச்சுகளில், 30 வினாடியில் கடந்துவந்தார் என்று வைத்துக்கொள்வோம். பயிற்சிக்குப் பின் அவருக்கு 18 வீச்சுகளே போதுமாகின்றன, மூச்சும் வாங்கவில்லை. ஆனால் இப்போது ஆகும் நேரம் 36 வினாடி. நீரின் எதிர்ப்பு ஏறத்தாழ வேகத்தின் இருமடிக்கும் (வர்க்கம்), அதை எதிர்த்து முன்னேறத் தேவையான திறன், அதாவது வினாடிக்குச் செலவாகும் ஆற்றல், மும்மடிக்கும் (கனம்) ஏற்ப வளர்வதால், நுட்பம் அணுவளவும் மாறாவிட்டாலும் இந்தப் புதிய வேகத்துக்கு முந்தைய திறனில் சுமார் 58 விழுக்காடு போதும். அவர் உணர்ந்த இலகு, மெதுவாக நீந்தியதால் மட்டுமே வந்திருக்கலாம். சுவரை உதைத்து நெடுந்தூரம் சறுக்கிவிட்டு முதல் வீச்சைத் தொடங்கினாலும் எண்ணிக்கை குறைந்துவிடும்.

சறுக்கலுக்கும் ஒரு விலை உண்டு. வீச்சுகளுக்கு இடையே உடல் வேகமிழக்கிறது, அடுத்த வீச்சு அதை மீட்க வேண்டியிருக்கிறது. பாதி நேரம் வினாடிக்கு 0.8 மீட்டரும் பாதி நேரம் 1.2 மீட்டரும் செல்பவரின் சராசரி 1 மீட்டர்தான். ஆனால் மும்மடிக் கணக்குப்படி, சீராக 1 மீட்டர் வேகத்தில் செல்பவரைவிட 12 விழுக்காடு கூடுதல் திறன் அவருக்குத் தேவை. குறுந்தூரப் போட்டியாளர்கள் வீச்சின் நீளத்தைச் சற்று விட்டுக்கொடுத்தாவது அதன் வேகத்தைக் கூட்டுவது, ஒரு வீச்சில் கடக்கும் நீளத்தையும் வினாடிக்கு எத்தனை வீச்சு என்ற வீதத்தையும் பெருக்கினால் வருவதே நீந்தும் வேகம் என்பதால்தான்.

ஆகவே வீச்சு, நேரம், உழைப்பு ஆகிய மூன்றையும் சேர்த்தே அளக்க வேண்டும். அதே குளத்தில், சுவரிலிருந்து அதே தூரம் சறுக்கி, அதே 30 வினாடிக்குள் 25 மீட்டரைக் கடந்து, கரையைத் தொட்டவுடன் நாடித்துடிப்பை எண்ணிப் பார்க்கலாம். வீச்சு 24இலிருந்து 21ஆகக் குறைந்தும் நாடி ஏறவில்லையென்றால், அந்த மூன்று வீச்சுகள் நுட்பத்தால் மிச்சமானவை. கற்ற நாளிலேயே அளக்காமல், சில வாரங்கள் கழித்து, கவனம் முழுவதும் அசைவின்மேல் இல்லாத ஒரு நாளில் அளப்பது நல்லது. பழக்கமாகப் படிந்தது எவ்வளவு என்பது அப்போதுதான் தெரியும்.

அப்போதும் அந்தப் பயன் இந்த முறைக்கே உரியதா, வாரக்கணக்கில் நீந்தியதாலேயே வந்ததா என்பது பிரியாமல் நிற்கிறது. அதைப் பிரிக்க, சம திறமையுள்ள புதியவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு இந்த முறையையும் மற்றதற்கு வழக்கமான பயிற்சியையும் அதே மணிநேரம் அளித்து, இரு குழுவையும் ஒரே வேகத்தில் நீந்தவைத்து ஒப்பிட வேண்டும்.