சொல் விளக்கம்: லேபிள், சீட்டு, மொழிக்குறி

போன வாரம், ஈமேக்ஸ் உரைத்திருத்தியில் குறிப்பெழுதும் வசதியான ஆர்க்-மோடில் எழுதி வைத்திருந்த குறிப்புகளை பிடிஎஃப் ஆக்கினேன். கோப்பு என்னவோ வந்துவிட்டது. ஆனால் ஒரே ஒரு நிரல்துண்டு மட்டும் தடித்த எழுத்து, நிறம் எதுவும் இல்லாமல் மொட்டையாக நின்றது. லாக் கோப்பைத் திறந்தால் பக்கத்தை அச்சுக்கோக்கும் லேடெக்ஸ் மென்பொருளில் நிரலை எடுப்பாகக் காட்டும் லிஸ்டிங்ஸ் தொகுப்பு புலம்பியிருக்கிறது: கேட்ட நிரல்மொழியை ஏற்ற முடியவில்லையாம். அந்த நிரல்துண்டின் தலைவரியில் மொழியின் பெயராக நான் போட்டிருந்தது, ஜாவாஸ்கிரிப்டைச் சுருக்கி, 'ஜேஎஸ்' என்ற இரண்டெழுத்து லேபிள்.

இந்த லேபிளைத் தமிழில் என்னவென்று சொல்வது?

லேபிள் முதலில் துணி. பழைய பிரெஞ்சில் ஆடையின் ஓரத்தில் தொங்கும் நாடாவுக்கு அந்தப் பெயர். சுமார் 1300 வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்தபோதும் குறுகலான துணிப்பட்டை என்றுதான் பொருள். பத்திரங்களில் முத்திரையைக் கோத்துத் தொங்கவிடும் பட்டையும் லேபிள்தான். ஐரோப்பியக் குலச்சின்னங்களில் இன்னொரு லேபிள் உண்டு. அப்பாவுக்கும் மூத்த மகனுக்கும் ஒரே கேடயச் சின்னம் என்றால் குழப்பம் வருமே, அதனால் மகனுடைய சின்னத்தின் மேற்பகுதியில் பல் பல்லாகத் தொங்கும் ஒரு பட்டையை வரைந்துவிடுவார்கள். பிரிட்டிஷ் பட்டத்து இளவரசரின் சின்னத்தில் மூன்று பல் கொண்ட வெள்ளைப் பட்டை இன்றைக்கும் இருக்கிறது. பெயர் எழுதி ஒட்டும் காகிதத்துக்கு அந்தச் சொல் வந்து சேர்ந்தது அதற்கெல்லாம் பிறகு.

தமிழில் அந்தக் காகிதத்துக்கு 'விவரச்சீட்டு' என்றொரு சொல் இருக்கிறது. மருந்துப் பாட்டிலுக்கும் ஊறுகாய் ஜாடிக்கும் நன்றாகவே பொருந்தும். பயணச்சீட்டு, மருந்துச்சீட்டு என்று சீட்டு நம் கையில் பழகிய சொல். ஆனால் நிரல்துண்டின் லேபிளுக்கு இதை வைத்தால் எனக்கு ஒட்டவில்லை. சீட்டு என்பது மனிதர் படிக்க எழுதுவது. இந்த லேபிளையோ, பிடிஎஃப் போன்ற வேறு வடிவாக ஏற்றுமதியாகி வரும் பக்கத்தில் பெரும்பாலும் யாரும் பார்ப்பதே இல்லை. படிப்பது மென்பொருள்தான்.

அதனால் நான் 'மொழிக்குறி' என்கிறேன். குறி என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது சலவைக்குறி. சேங்கொட்டைச் சாற்றைத் தொட்டு, சுண்ணாம்பு வைத்து, வேட்டியின் ஓரத்தில் சலவைக்காரர் போடும் கறுப்புக் குறி. எத்தனை முறை துவைத்தாலும் போகாது. ஒரு வீட்டுக்கு இரண்டு புள்ளி, அடுத்த வீட்டுக்கு ஒரு கோடும் ஒரு புள்ளியும். வேட்டிக்காரருக்கு அது புரிய வேண்டியதில்லை, போட்டவருக்குப் புரிந்தால் போதும். அதே வேட்டியை வேறு சலவைக்காரரிடம் போட்டால் அந்தக் குறியை வைத்து அவரால் ஒன்றும் செய்ய முடியாது. எனக்கு நடந்ததும் இதேதான்.

ஆர்க்-மோடில் மொழிக்குறி என்பது ஈமேக்ஸ் அந்த மொழிக்கு வைத்திருக்கும் பெயர். 'ஈமேக்ஸ்-லிஸ்ப்' என்று எழுதினால் ஈமேக்ஸ் புரிந்துகொள்ளும். லிஸ்டிங்ஸுக்குத் தெரிந்ததோ வெறும் 'லிஸ்ப்'. இரண்டுக்கும் நடுவே ஆர்க் ஒரு பெயர்ப்பட்டியல் வைத்திருக்கிறது: இந்தப் பக்கம் தன் பெயர், அந்தப் பக்கம் லிஸ்டிங்ஸின் பெயர். பட்டியலில் இல்லாத பெயர் அப்படியே கடந்து போய்விடும். 'ஜேஎஸ்' அப்படிப் போனதுதான். முழுப்பெயராக ஜாவாஸ்கிரிப்ட் என்று எழுதியிருந்தாலும் பயனில்லை, ஏனென்றால் லிஸ்டிங்ஸ் தொகுப்போடு வரும் மொழிகளில் ஜாவாஸ்கிரிப்டே கிடையாது. பட்டியலில் அதை ஜாவா என்ற வேறொரு மொழியோடு கோத்துவிட்டுச் சமாளிக்கலாம்; ஆனால் 'ஃபங்ஷன்' போன்ற சொற்கள் எடுப்பாகத் தெரியாது. மொழியை நாமே லேடெக்ஸில் வரையறுப்பது சரியான வழி. இல்லையென்றால் லேடெக்ஸின் இன்னொரு தொகுப்பான மின்ட்டெட்டுக்கு மாறிவிடலாம். அதற்குப் பின்னால் இருக்கும் பிக்மென்ட்ஸ் என்ற நிறமிடும் மென்பொருளுக்கு 'ஜேஎஸ்' தெரியும். நான் மாறிவிட்டேன்.

வெற்று உரையில் சில குறிகள் போட்டு எழுதும் மார்க்டவுன் முறையில் கதை வேறு. ஜான் க்ரூபர் 2004-இல் வெளியிட்ட மூல மார்க்டவுனில் நிரலை நான்கு இடைவெளி தள்ளி எழுத வேண்டும், அவ்வளவுதான். மொழிக்குறி போட அங்கே இடமே இல்லை. வேலி கட்டும் முறை பின்னால் வந்தது: மேலே மூன்று பேக்டிக் (`), கீழே மூன்று பேக்டிக், மேல்வேலியை ஒட்டி மொழியின் பெயர். மார்க்டவுனுக்குத் தெளிவான இலக்கணம் வகுக்கும் காமன்மார்க் விதிமுறையும் இதைக் கட்டாயமாக்கவில்லை. வேலிக்குப் பிறகு வரும் முதல் சொல்லை வழக்கமாக மொழியின் பெயராக எடுத்துக்கொள்வார்கள் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. எந்தெந்தப் பெயர் செல்லும் என்ற பட்டியல் அதில் இல்லை. வேண்டுமானால் 'பைத்தான்' என்று தமிழ் எழுத்திலேயே போடலாம், விதிப்படி தப்பில்லை. நிறம் மட்டும் வராது!

கோப்பை ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றித் தரும் பாண்டாக் மென்பொருள் கொஞ்சம் சாது. தெரியாத மொழிக்குறி வந்தால் நிறமில்லாமல் துண்டை எழுதிவிட்டுப் பேசாமல் போய்விடும். பிழைச்செய்தி வராததால் கோளாறு கண்ணில் படவே நாளாகும். சந்தேகம் வந்தால் முதலில் அதனிடமே கேளுங்கள்; தனக்குத் தெரிந்த மொழிகளின் பட்டியலைக் கொடுக்கும் கட்டளை அதில் இருக்கிறது. அப்புறம் ஒரு பொறி: ஆவணத்துக்குள்ளேயே நிரலை ஓட்டவும் வசதி உள்ள ஆர் மார்க்டவுனில் மொழியின் பெயரைச் சுருள் அடைப்புக்குள் போட்டால், அது காட்ட வேண்டிய நிரல் இல்லை, ஓட்ட வேண்டிய நிரல். அடைப்பை விட்டுவிட்டால் நிரல் ஓடாது, வெறுமனே அச்சாகும்.

வெற்று உரையாக ஏற்றுமதி செய்தால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை, குறியும் இல்லை. பாண்டாக் அதைத் தூக்கிவிட்டு நிரலை நான்கு இடைவெளி தள்ளி வைத்துவிடுகிறது, 2004-இல் இருந்த மாதிரியே. அந்தக் கோப்பைப் படிப்பவருக்கு இது எந்த மொழி என்று தெரிய வேண்டுமென்றால், 'கீழே இருப்பது ஷெல் கட்டளை' என்று மேலே ஒரு வாக்கியம் எழுதிவிடுகிறேன்.