காய்ச்சலே இல்லாமல் வரும் நிமோனியா

நிமோனியா என்றால் கடும் காய்ச்சல், நெஞ்சு கிழியும் இருமல் என்றுதான் நினைப்போம். முப்பது வயதுக்காரருக்கு அது சரி. எண்பது வயதுப் பாட்டிக்கு வரும்போது இரண்டுமே இல்லாமல் போகலாம். திடீரென்று பேரனை யார் என்று கேட்பார், சோறு வேண்டாம் என்பார், பாத்ரூம் போகிற வழியில் விழுவார், வீட்டில் இருப்பவர்கள் 'வயசாயிடுச்சு, அப்படித்தான்' என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே இரண்டு நாள் ஓடிவிடும்.

காய்ச்சலை உண்டாக்குவது நேரடியாகக் கிருமி இல்லை. நம் வெள்ளை அணுக்கள் சுரக்கும் ரசாயனங்கள்தான் மூளையிடம் சூட்டை ஏற்றச் சொல்கின்றன. வயதானால் அந்த வேலை மந்தமாகிவிடுகிறது. போதாக்குறைக்கு அவர்களின் வழக்கமான சூடே குறைவாக இருக்கும், அதனால் எப்போதும் 97 டிகிரி இருப்பவருக்கு 99.5 என்பது காய்ச்சல்தான்.

சரி, கிருமி நுரையீரலுக்குள் எப்படிப் போகிறது? பெரும்பாலும் நம் தொண்டையிலிருந்தேதான். தூக்கத்தில் கொஞ்சம் எச்சில் மூச்சுக்குழாய்க்குள் இறங்குவது எல்லோருக்கும் நடக்கிறது. இளவயதில் இருமலும், குழாயின் உட்சுவரில் இருக்கும் நுண்ணிய மயிரிழைகளும் அதை மேலே தள்ளிவிடும். முதுமையில் இழைகளின் வேகம் குறையும், நெஞ்சுக்கூடு விறைக்கும், தசைகள் தளரும். பக்கவாதம் வந்தவர்களுக்குப் புரையேறினாலும் இருமலே வராமல் போவதுண்டு, ஆபத்து அங்கேதான். இறங்குகிற எச்சிலில் வாயின் கிருமிகளும் இருக்குமே! ஜப்பானிய முதியோர் இல்லங்களில் தினமும் ஒழுங்காக வாயைச் சுத்தம் செய்துவிட்டபோது நிமோனியா குறைந்தது. பல்செட்டைக் கழற்றாமல் தூங்கும் தாத்தாக்களின் வீட்டார் இதைக் கவனிக்கலாம்.

காற்றறைகளில் நீரும் சீழும் நிறைந்தால் ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறையும். அந்தக் குறையையும் தொற்றையும் சேர்த்துத் தாங்க முதிய மூளைக்குத் தெம்பு போதாது, குழப்பம் முதலில் வருவது அதனால்தான். இதயமும் திணறும், நிமோனியாவின்போது மாரடைப்பு வருவதுகூட உண்டு. நோயின் தீவிரத்தை மதிப்பிட டாக்டர்கள் 'கர்ப்-65' என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: மனக்குழப்பம், ரத்தத்தில் யூரியா அதிகம், நிமிடத்துக்கு 30 அல்லது அதற்கு மேல் மூச்சு, ரத்த அழுத்தம் குறைவு, வயது 65 அல்லது அதற்கு மேல், ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண், கூடக்கூட ஆபத்தும் கூடும். வயதுக்காக மட்டுமே ஒன்று ஏறிவிடுகிறது பாருங்கள்.

வீட்டில் செய்யக்கூடியது மூச்சை எண்ணுவது. அவர் சும்மா இருக்கும்போது, சொல்லாமல், முழுசாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். 25ஐத் தாண்டினால், காய்ச்சல் இல்லாவிட்டாலும், ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட வேண்டும்.

மருந்து சில நாட்களில் வேலை செய்யும், ஆனால் எக்ஸ்ரே தெளிய வாரக்கணக்காகும், சிலருக்கு இரண்டு மூன்று மாதம்கூட. அதற்குள் படுக்கையே கால் தசைகளைக் கரைத்துவிடுவதால், டாக்டர் சரி என்றதும் எழுப்பி உட்காரவையுங்கள், நடக்கவிடுங்கள். அப்புறம், படுத்தபடியே கஞ்சி ஊட்டாதீர்கள். நிமிர்ந்து உட்காரவைத்து, சின்னச் சின்ன வாயாக, சாப்பிட்ட பிறகும் அரை மணி நேரம் அப்படியே இருக்கட்டும். நிமோகாக்கல் தடுப்பூசி (நிமோனியாவை அதிகம் உண்டாக்கும் பாக்டீரியா ஒன்றுக்கு எதிரானது), வருடாவருடம் ஃப்ளூ ஊசி இரண்டையும் பற்றி அடுத்த முறை டாக்டரிடம் நீங்களே கேட்டுவிடுங்கள்.